ஓநாய் பேசாத பக்கங்கள்

ஏழு பிரதிகள் கொடுத்தோம்,
நீல அட்டை, சுருள்கம்பிக் கட்டு.
ஐந்துதான் திரும்பின.
அதிலும் ஒன்று வால்டிவியா மழையில் ஊறி
பாலில் போட்ட ரொட்டிபோல்
உப்பியிருந்தது.

லெயோகாதியோ அடுப்பில் விறகைத் தள்ளினான்.
ஈர விறகு. கண்ணெல்லாம் புகை.
நான் உரக்கப் படித்தேன்.

மருந்துக்கடை எதுவினா அம்மாள்
முதல் பக்கத்திலேயே கேட்டிருந்தார்:
"மழையை எடைபோடும் பெண்ணா?
நம்மூர் மழைக்கு எந்தத் தராசு தாங்கும்?"
சிரித்தோம்.
சேர்ந்து சிரித்து மாதங்கள் ஆகியிருந்தன என்பது
சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது.

பல் மருத்துவர் பொல்லாதவர்.
"படகுக்காரனின் கண் நூற்றுநாற்பதில் பச்சை,
நூற்றைம்பத்திரண்டில் பழுப்பு.
நடுவில் அவனுக்கு என்ன ஆயிற்று?"
நடுவில் எழுதும் கை மாறிற்று, ஐயா.
அவன் பச்சை என்றான். நான் கேட்கவில்லை.

நூலகத்து ஹெர்முண்டோ
ஒரு வரியைச் சுற்றி மூன்று வட்டம் போட்டிருந்தார்:
*அன்றிரவு ஆறு தன் பெயரை மறந்து
கடலிடம் கேட்கப் போனது.*
ஓரத்தில்:
"லெயோகாதியோ, இது உன் கைதான். தெரிகிறது."

என் கை அது.
பதினோராம் எண் பேருந்தில், நின்றபடி,
பயணச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதியது.
அவன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.
மறுக்கவில்லை.
நானும் அடுத்த தாளைப் புரட்டினேன்,
கொஞ்சம் வேகமாக.

ஆற்றங்கரை மீன்சந்தைப் பக்கம்
கடற்சிங்கம் ஒன்று கத்திற்று,
தலை போகிற காரியம்போல.

கடைசிப் பிரதி மில்லாராயுடையது.
எங்களுக்கு விறகு போடுகிறவரின் மகள்.
பதின்மூன்று வயது.
நாங்கள் யாருக்காக எழுதினோமோ
அந்த வயதில் ஏழு பேரில் அவள் ஒருத்திதான்.
குறிப்புகளை விறகு ரசீதுகளில் எழுதி
பக்கங்களுக்கிடையே செருகியிருந்தாள்:

"மந்திரக் கதவு வேண்டாம். எல்லாக் கதையிலும் இருக்கிறது."
"முத்தம் அவசரம்."
"இங்கே அழுதேன். யாரிடமும் சொல்லாதீர்கள்."

பிறகு, பாதி கிழிந்த ரசீதில்:

"எட்டாம் அத்தியாயம்வரை ஓநாய் ஓயாமல் பேசுகிறது.
ஒன்பதில் வாயை மூடுகிறது.
பதினான்கில் திரும்பப் பேசுகிறது, தூக்கம் கலைந்ததுபோல.
இடையில் உங்களுக்குள் சண்டையா?"

புகை போய்விட்டிருந்தது.
கண்ணைத் துடைக்க அதைச் சாக்கு சொல்ல முடியவில்லை.

ஓநாய் அவனுடையது.
அதன் முரட்டுக் கேலி, அதன் பசி, எல்லாம் அவன் கொடுத்தது.
ஒன்பதாம் அத்தியாயத்தில்
அட்டையில் யார் பெயர் முதலில் என்று தொடங்கி
வேறெங்கோ போய் முடிந்தது பேச்சு.
அதன்பின் அத்தியாயங்கள்
அவன் தங்கை கைப்பையில் ஏறி வந்துபோயின.
என் பக்கங்களில் ஓநாய் நடந்தது, முகர்ந்தது,
பெண்ணின் பின்னால் விசுவாசமாக ஓடியது.
அதன் வாயில் ஒரு சொல் வைக்க
எனக்கு மனம் வரவில்லை.
வராதென்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

"சேர்த்துவிடலாம்," என்றான்.
"ஐந்து அத்தியாயத்துக்கும் வசனம் எழுதித் தருகிறேன்.
ஒரு வாரம் போதும்."

ரசீதைத் திருப்பினேன்.
பின்பக்கம், ஒன்றரை கனமீட்டர் ஊல்மோ என்ற
அவள் அப்பாவின் கணக்குக்குக் கீழே,
பச்சை மையில்:

"பேச வைக்காதீர்கள். அந்த மௌனம் எனக்குப் பிடித்தது.
ஆனால் அந்தப் பெண் அதைக் கவனிக்க வேண்டும்.
ஒரு தடவையாவது."

அவன் படித்தான்.
இன்னொரு முறை படித்தான்.
நான் பேனாவின் மூடியைக் கழற்றி, மாட்டி, கழற்றினேன்.

"அந்த ஆற்று வரி..." என்று தொடங்கினான்.

"படகுக்காரன் கண்," என்றேன்,
"பச்சையாகவே இருக்கட்டும்."