வியாழன், ஏழு நாற்பது

எல்ஃப்ரீடா பென்னர்
என்னைப் பற்றிப் பேசியது ஒரே ஒரு வாக்கியம்.
எண்பத்து மூன்று, பிப்ரவரி.
வின்னிபெக்கில் மூக்குமயிர் உறைகிற குளிர்.
நாடகத்தில் எனக்கு வசனம் கிடையாது:
தேநீர்த் தட்டைக் கொண்டுவர வேண்டும்,
வைக்க வேண்டும், போக வேண்டும்.
மூன்று முறை.

வியாழன் காலை, தையல் தொழிற்சாலையில்
என் மனைவி டெலியா வானொலியின் காதைத் திருகினாள்.
தகரத்தில் ஆணி கீறுவதுபோல் அந்தக் குரல்:
"நாயகன் சோகத்தைக் கோட்டுபோல் மாட்டிக்கொண்டு வந்தார்,
போகும்போது கழற்றினார்.
தேநீர் கொண்டுவந்த திரு. பங்கிலினன்,
அந்த மேடையில்
கையில் நிஜமாகவே எதையோ வைத்திருந்தவர்
அவர் ஒருவர்தான்."

நாற்பது இயந்திரங்கள் நின்றன.
துண்டுக்கணக்குக் கூலி அல்லவா,
உடனே ஓடின.

எனக்கு மட்டும் தெரிந்தது:
காலிக் கெட்டில் போதும் என்றார் இயக்குநர்.
நான் ஒவ்வொரு இரவும் ஃபிளாஸ்கிலிருந்து
கொதிநீர் ஊற்றினேன்.
பதினோராம் வரிசையிலிருந்து எப்படிப் பார்த்தார்?

பிறகு வேடம் எதுவும் வரவில்லை.
பதினெட்டாம் எண் பேருந்து வந்தது.
முன்னிருக்கையில் அவரும் வந்தார்,
காது மறைக்கும் தொப்பி, மடியில் நிகழ்ச்சித்தாள்.
கார் ஓட்டத் தெரியாதாம்.

நகரம் அவரைப் பற்றி நிறையச் சொல்லும்.
வாத்தியம் பாவம் என்ற பண்ணைவீட்டில் பிறந்து
பத்தொன்பது வயதில்தான் முதல் வயலினைக் கேட்டாராம்.
மதுக்கடையில் ஒரு சிற்பி பீரை
அவர் தலையில் கவிழ்த்தபோது
"இதில் உணர்ச்சி இருக்கிறது" என்றாராம்.
டொராண்டோவுக்கு ஓடிப்போன செல்லோக்காரர்
ஆண்டுதோறும் வெற்று அஞ்சலட்டை அனுப்புவாராம்.

நான் என் காதால் கேட்டது இது:
"போன வாரம் புகழ்ந்த நாடகத்தின்
இரண்டாம் பாதியில் தூங்கிவிட்டேன்.
சொன்னதில் பாதியைத் திருப்பிக் கொடுங்கள்."
அன்று பேருந்தே சிரித்தது.
தன் குரல் ஒலிக்கத் தொடங்கினாலே
தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொள்வார் அவர்.

அப்புறம் பத்திரிகை கலைப் பக்கத்தை மூடியது.
வானொலி நான்கு நிமிடத்தை ஒன்றரையாக்கியது.
"ஒன்றரை நிமிடத்தில் முட்டைகூட வேகாது,"
என்னிடம் சொல்லவில்லை,
சன்னல் கண்ணாடிப் பனியிடம் சொன்னார்.
ஆனாலும் பள்ளிக்கூட நாடகம், தேவாலய பஜனைக்குழு,
எதற்கும் போனார்.
ஒருமுறை பனிவாரும் வண்டிகளின் இரைச்சலுக்குக்கூட
மதிப்புரை வாசித்தார்.
பாராட்டவில்லை.

இருபத்தாறு ஆண்டுகளில்
நானும் சொல்லவில்லை, நான்தான் அந்தத் தட்டு என்று.
கடைசியாக ஏறிய மாலை
கைத்தடியோடு மெல்ல இறங்கிய அவர்
படியிலேயே நின்றார்.
"மெயின் தெருத் திருப்பத்தில் கொஞ்சம் அவசரம்.
மற்றபடி, நன்று."
கதவு மூடுமுன்
என் கைகளைப் பார்த்தாரோ?
பார்த்தார் என்கிறாள் டெலியா,
அவள் அங்கே இல்லை.

இப்போது ஏழு நாற்பதுக்குப்
போக்குவரத்து நிலவரம் வாசிக்கிறார்கள்.
மெயின் தெரு நெரிசல், எங்கள் தாமதம், எல்லாம் வருகிறது.
அந்தத் திருப்பத்தில் மட்டும்
தளும்பத் தளும்ப நிறைந்த ஏதோ ஒன்றைப்போல்
வண்டியை வளைக்கிறேன்.
"சீக்கிரம் போங்களேன்" என்று
பின்னாலிருந்து ஒரு பையன் முணுமுணுக்கிறான்.
முணுமுணுக்கட்டும்.
அதுவும் விமர்சனம்தான்.