மூன்றாவது இரட்டையர்

விஸ்கான்சினில் மே மாதம் என்பது
காலண்டர் சொல்லும் பொய்.
லேக் மேரியன் பள்ளியின் வேலியோரம்
வாரிக் குவித்த பனி இன்னும் கறுத்துக் கிடந்தது.
அவர்கள் களம் நீலம், புத்தம் புதிது.
எங்கள் களத்தில் வெடிப்புகளுக்குத் தார் பூசியிருக்கும்.
அதில் பட்ட பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று
எங்களுக்குத் தெரியும், வருபவர்களுக்குத் தெரியாது.
எங்கள் ஒரே உத்தி அதுதான்.
அதைப் பேருந்தில் ஏற்றிக் கொண்டுவர முடியவில்லை.

மொத்தம் ஏழு ஆட்டம்.
மூன்று அவர்களுக்கு, மூன்று எங்களுக்கு.
முதல் ஒற்றையரை வென்ற வென்டல் ஓர்லிக்
மட்டையை உறையிலிட்டு ஜிப்பையும் இழுத்துவிட்டான்.
மிச்சம்
நானும் கெங் ஷியோங்கும்.

மூன்றாவது இரட்டையர் என்றால்
ஆள் குறைகிறதென்று சேர்த்துக்கொண்டவர்கள்.
எப்போதும் கடைசிக் களம்,
குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில்.
பெற்ற தாய்கூடப் பாதியில் எழுந்துபோய்
காரில் ஹீட்டர் போட்டுக்கொள்ளும் ஆட்டம்.
இன்று வேலிக் கம்பியின் கண்களில்
இருபது பேரின் விரல்கள்.
என் முதுகை யாரும் இதுவரை
இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.
வெல்டிங் வகுப்பெடுக்கும் எங்கள் கோச் டால்ஸ்ட்ராம்
பிளாஸ்க் மூடியைத் திறக்கிறார், மூடுகிறார்,
திறக்கிறார். குடிக்கவில்லை.

நடுவர் கிடையாது இங்கே.
நம் பக்கம் விழும் பந்துக்கு நாமே நீதிபதி.
உள்ளே என்றால் உள்ளங்கை தரையைப் பார்க்கும்,
வெளியே என்றால் ஒரு விரல் எழும்.
ஜோடியில் ஒருவன் மாற்றிச் சொன்னால்
புள்ளி எதிராளிக்கு.
விதிப் புத்தகத்தில் அது எத்தனையாவது பக்கமோ,
எங்கள் பள்ளியில் எவனும் புரட்டியதில்லை.

மூன்றாம் செட். டை-பிரேக்.
ஆறுக்கு ஐந்து, அவர்கள் முன்னால்.
செம்பட்டைத் தலையன் பந்தை உயரத் தூக்கிவிட்டான்.
காற்று அதைக் கையில் வைத்துக்கொண்டு
சற்று யோசித்தது.
நான் பின்னோக்கி ஓடினேன், ஓடினேன்,
அது என்னைத் தாண்டி

விழுந்தது.

கண் போய்ச் சேருமுன்
விரல் எழுந்துவிட்டது.

வேலிக்குப் பின்னே ஆரவாரம்.
"நிச்சயமா?" என்றான் செம்பட்டை.
ஒருமுறை கேட்கலாம். கோபமில்லாமல் கேட்டான்.
"நிச்சயம்" என்றது என் குரல்,
யாருடைய சட்டையையோ மாட்டிக்கொண்டு
எனக்கு முன்னால் போய் நின்று.

கெங் வலையருகிலிருந்து திரும்பினான்.
கன்னத்தில் சூரியகாந்தி விதை அடக்கிக்கொண்டு
நாளுக்குப் பத்து வார்த்தை பேசுகிறவன்.
"உள்ளே" என்றான், தன் ஷூவைப் பார்த்து.
பிறகு, காதில் விழாதவர்களுக்காக,
கொஞ்சம் உரக்க:
"கோட்டின் மேல். நான் பார்த்தேன்."

அவ்வளவுதான்.
ஏழுக்கு ஐந்து. நான்குக்கு மூன்று.
கம்பிகளிலிருந்து விரல்கள் கழன்றன.
செம்பட்டை கெங்கின் கையைப் பிடித்து
ஏதோ சொல்ல வாயெடுத்தான், சொல்லவில்லை.
என் கையையும் குலுக்கினான்,
தபால்காரரிடம் பொட்டலம் வாங்குவதுபோல.

பேருந்தில் இருட்டு.
"கோட்டை விட்டாச்சு" என்றது ஒரு பின்னிருக்கை.
கோட்டை விடாதவன்
அத்தனை இருக்கை காலியிருந்தும்
என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.
முப்பது மைல் பேசவில்லை.
கண்ணாடியில் என் முகம், அதற்கு அப்பால்
பனி உருகி நின்ற வயல்கள்.
பேசாமல் என்னை அடித்திருக்கலாம்.

காகித ஆலையின் அழுகிய முட்டை வாடை
ஜன்னலிடுக்கில் நுழைந்தது.
ஊர் வந்துவிட்டது.
"ஜியோமெட்ரி வீட்டுப்பாடம் போட்டுட்டியா?" என்றான்.
இல்லையென்று தலையாட்டினேன்.
"நானும் இல்லை."
பாக்கெட்டை நீட்டினான். ஒரு பிடி அள்ளிக்கொண்டேன்.
உப்பு.

உமியைத் துப்ப இடம் தேடினேன்.
அவன் தன் காகிதக் கோப்பையை
இருவருக்கும் நடுவே வைத்தான்.