நிறை பார்க்கும் புதன்

திரிபோஷாப் பைக்குள் எறும்பு.
உதயகலா மடியில் வைத்துப் பிரித்துக் காட்டினாள்,
தான் செய்த குற்றம் போல.
"முடிச்சுப் போட்டுத்தான் வெச்சன் மிஸ்."

பாலையடிவட்டைப் பாலர் பாடசாலை முற்றம்.
வம்மிக் கிளையில் தராசு தொங்குகிறது.
கொக்கியில் யாருமில்லை.
முள் மட்டும் காற்றை நிறுத்து
இருநூறு கிராம், முந்நூறு கிராம் என்று ஆடுகிறது.

பைக்குள் இரண்டு வகை.
சின்னது கடுகில் பாதி, எண்ண விடாமல் ஓடும்.
பெரியது ஐந்தோ ஆறோ.
உடம்புக்குப் பொருந்தாத தலையோடு
கலியாண வீட்டில்
கிடாரம் தூக்குகிறவனின் நடை.

"இது வேற சாதியோ?"
இல்லை புள்ள. ஒரே தாய்.
ஒரே மாதிரி முட்டை.

தம்பி கிருபைராசா வந்தாறுமூலையில் விலங்கியல் படித்த நாளில்
சோற்றுக் கோப்பைக்கு முன்னால் சொன்னது:
புழுவாய்க் கிடக்கும்போது
ஒரு வாய் கூடக் கிடைத்தால்,
அதுவும் உரிய நாளில் கிடைத்தால்,
உடம்பில் ஒரு சுரப்பு ஏறும்.
ஏறினால் பெருந்தலை.
ஏறாவிட்டால் வாழ்நாள் முழுக்க ஓட்டம்.
பெருந்தலைகள் கூடிப்போனால்
அவற்றின் வாடையே அடுத்த புழுவை அமர்த்தும்:
போதும், நீ சின்னதாய் இரு.
கணக்குப்பிள்ளை கிடையாது.
ராணிக்கும் தெரியாது.

மறுகா ஒன்று சொன்னான்.
அதற்குத்தான் நான் பிசைவதை நிறுத்தினேன்.
பெருந்தலையாகப் போகிற புழுவுக்குள்
சிறகுக் குருத்து முளைக்குமாம்.
விரியாது. கொஞ்சநாள் இருந்து கரைந்துபோகும்.
ஆனால் அதை நறுக்கிவிட்டால்
தலை பெருக்காதாம்.
எத்தனையோ கோடி ஆண்டுக்கு முன்
பறந்த உடம்பொன்றின் மிச்சம்,
எறியாமல் வைத்திருந்து
வேறு வேலைக்கு எடுத்திருக்கிறது.
"உடைஞ்ச தோணிப் பலகையில
கோழிக்கூடு அடிக்கிற மாதிரி அக்கா"
என்றுவிட்டு மீன்முள்ளை ஓரமாய் வைத்தான்.

சரி, பிள்ளைகளைத் தா.

பெடியன் பத்துக் கிலோ நூறு.
கொக்கியில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை
ஊரைக் கூட்டினான்.
பெட்டை ஏழு அறுநூறு.
தொங்கிக்கொண்டு என் பேனையைப் பார்த்தாள்.
ஒரே வயிறு. ஏழு நிமிட வித்தியாசம்.
அவனுடைய புள்ளி பச்சையில் விழுந்தது,
இவளுடையது செம்மஞ்சளில்,
போன மாதப் புள்ளிக்குக் கீழே.

"ஒரு பை, மிஸ். வீட்டில ஆறு பேர்.
உருண்டை பிடிச்சா இவன் கத்துவான்,
முதல்ல இவனுக்குத் தீத்தித்தான் மற்ற வேலை.
அவள் கத்தமாட்டாள். நல்ல புள்ள."

நல்ல பிள்ளை.
அட்டையில் அதற்குக் கட்டமில்லை.

சட்டையை மாட்ட முதுகைத் திருப்பினாள்.
தோள்பட்டை எலும்பு இரண்டும்
தோலைத் தள்ளிக்கொண்டு,
இதோ வருகிறேன் என்பது போல.
நான் தம்பியின் குருத்தை நினைத்தேன்.
எறும்பில் அது பெருப்பதற்கு.

உதயகலா சுளகை எடுத்து மாவைக் கொட்டினாள்.
வெயில் பட்டதும் சின்னதெல்லாம் விளிம்பு தாண்டி இறங்கின.
பெரியது ஒன்று நடுவிலேயே நின்றது.
யாருக்குக் காவல் நிற்பதென்று தெரியாமல்.
பெட்டை ஊர்ந்துபோய்
இரண்டு விரலால் அதைப் பிடித்தாள்.

கடித்துவிட்டது.

அப்படியொரு கத்தல்
அந்த முற்றத்தில் நான் கேட்டதில்லை.
கிடுகில் இருந்த காகம் எழும்பியது.
பெடியன் வாயை மூடிக்கொண்டு
தங்கையைப் புதினம் பார்த்தான்.
உதயகலா ஓடிவந்து, விரலை ஊதி,
கையில் அகப்பட்டதை,
தேங்காய்ப்பூப் போட்டுப் பிசைந்த மாவு உருண்டையை,
முழுசாக அவள் வாயில் வைத்தாள்.

கத்து புள்ள, கத்து என்று
எனக்குள் ஒருத்தி சொன்னாள்.
வெளியே நான்
"சவுக்காரம் போட்டுக் கழுவு, வீக்கம் இறங்கும்" என்றேன்.

மூன்று மணிக்கு மண்டூர்த் துறையில்
பாதை வெளிக்கிடும்.
இன்னும் பதினொரு பிள்ளைகள்.