பூஜ்யத்துக்குப் பூஜ்யம்

யாரோ பாதியில் போட்டுவிட்டுப் போன அணி.
பெயர் சூறாவளி எஃப்.சி.
மாற்ற நூறு வைரம் கேட்கிறது ஆட்டம்,
என்னிடம் இருப்பது நான்கு.
கஜாவில் கூரை போன வீட்டுக்காரி நான்,
அந்தச் சொல்லை விளையாட்டுக்குக்கூடச் சொல்வதில்லை
என்று ஆட்டத்துக்கு எந்தப் பொத்தானை அமுக்கிச் சொல்ல?

பதினான்கு ஆட்டம், பதின்மூன்று தோல்வி.
ஜெயித்த ஒன்றும்
எதிரணி ஆள் அனுப்ப மறந்ததால்.
நான்காம் பிரிவு. அட்டவணையில்
எனக்குக் கீழே வெறும் வெள்ளை.

கொரடாச்சேரிக்குப் பக்கத்தில்
நேரடி நெல் கொள்முதல் நிலையம்,
பருவகாலப் பட்டியல் எழுத்தர்.
பகலெல்லாம் ஈரப்பதம் பார்க்கிறேன்.
பதினேழைத் தாண்டினால்
திருப்பிக் காயப்போடச் சொல்ல வேண்டும்.
மழை நெல்மேல் விழும், வசவு என்மேல்.
இரவு ஒன்பதரைக்கு
பதினொரு பேருக்கும் ஈரப்பதம் பார்க்கிறேன்:
தாக்குப்பிடிப்பு நான்கு, பாஸ் மூன்று,
மனவுறுதி, மன்னிக்கவும், ஒன்று.

முன்களத்தில் ப்ரூனோ டெல்கார்.
சம்பளத்தில் பாதியை அவனே தின்கிறான்.
பந்து வந்தால் அடிப்பான், சத்தியமாக அடிப்பான்.
பந்து வராது.
நான்கு வாரம் அவனுக்கே பயிற்சி கொடுத்தேன்,
பூட்ஸ் வாங்கினேன், கேப்டன் ஆக்கினேன்.
ஐந்தாவது வாரம் ஐந்து கோல் வாங்கிய ராத்திரி
திடீரென்று உறைத்தது:
இவன் கடைமடை வயல்.
வாய்க்காலில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்க
வயலுக்கு உரம் போட்டு என்ன?

விற்றேன்.
ஏலம் முடிவது அதிகாலை இரண்டு பத்து.
ஒன்றே முக்காலுக்குத் தையில் வரக்கூடாத மழை வந்தது.
எண்ணூறு சிப்பம் வெட்டவெளியில்.
கைபேசியைப் பல்லில் கடித்துக்கொண்டு
தைரியநாதனோடு தார்ப்பாய் இழுத்தேன்.
உதட்டுக்குக் கீழே அது அதிர்ந்தபடி இருந்தது:
பனிநாட்டுக்காரர் இருவர்
ப்ரூனோவுக்காக அடித்துக்கொண்டார்கள்.
இருபது சிப்பம் நனைந்தது.
ப்ரூனோ நல்ல விலைக்குப் போனான்.

அந்தக் காசில் நட்சத்திரம் வாங்கவில்லை.
நடுக்களத்துக்குப் பத்தொன்பது வயதுப் பையன்கள் இரண்டு பேர்,
ஓடுவார்கள், தள்ளிக்கொடுப்பார்கள், அவ்வளவுதான்.
தூர்வாரும் வேலைக்கு அது போதும்.
கோல்கீப்பர் கோசுவுக்கு முப்பத்தாறு வயது,
வியாழன்தோறும் ஒரு தசமம் தேய்கிறார்.
அவரை வைத்துக்கொண்டது இரக்கத்தால் இல்லை,
இலவசம் என்றுகூடப் போட்டுப் பார்த்தேன்,
யாரும் கேட்கவில்லை.

ஐந்துக்குப் பூஜ்யம்.
நான்குக்குப் பூஜ்யம்.
நான்குக்கு ஒன்று. (அந்த ஒன்று அவர்களே போட்டுக்கொண்டது.)
இரண்டுக்குப் பூஜ்யம்.
தோல்வியும் இளைக்கும் என்பதை
எண்ணாக எழுதிப் பார்த்தால்தான் தெரிகிறது.

கடைசி ஆட்டம், முதலிடத்தில் இருப்பவர்களோடு.
வெளியே லாரிக்கு லோடு ஏறுகிறது.
திரையில் படமில்லை, எழுத்து மட்டும்
வரி வரியாக வருகிறது.
அறுபத்தேழு: கோசு தட்டிவிட்டார்.
எழுபத்தொன்பது: கோசு, மறுபடியும்.
எண்பத்தெட்டு: கம்பம்.
அப்புறம் ஒரு நிமிடம் எந்த வரியும் வரவில்லை.
டவர் போய்விட்டதா என்று
எடைமேடை மேல் ஏறி நின்றேன்.
ஐம்பத்திரண்டு கிலோ காட்டியது.
முடிந்தது.

"என்ன மேடம், ஜெயிச்சாச்சா?"
"இல்ல தைரியம். தோக்கல."
"அப்ப நல்லதுதான?"
ஒரு புள்ளியில் கீழ்ப்பிரிவுக்கு இறங்குகிறோம் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அவர் அடுத்த சிப்பத்துக்கு முதுகு கொடுத்துவிட்டார்.

பங்குனியில் நிலையத்தைப் பூட்டுவார்கள்.
குறுவைக்கு என்னைக் கூப்பிடுவார்களா, தெரியாது.
ஐந்தாம் பிரிவில் அதே இரண்டு பையன்கள்,
அதே கோசு, இன்னும் கொஞ்சம் தேய்ந்து.
தினமும் உள்ளே நுழைந்ததற்கு ஆட்டம் கொடுத்த
வைரத்தை எண்ணினேன். எண்பத்து மூன்று.
புதுப் பெயர் ஒன்றும் தோன்றவில்லை.
இன்னும் பதினேழு இருக்கிறதே.