பாதியில் அணைந்தவை

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குமேல்
குன்னூர்க் குருசடியில் எனக்கு வேலை.
தகரத் தட்டில் உறைந்ததைச் சுரண்ட
பெயின்டர்கள் பட்டி பார்க்கும் தகடு,
ஒரு சொம்பு வெந்நீர்.
இந்தக் குளிருக்கு மெழுகு கல்லாகிவிடும்.
கல்லுக்குள் தீக்குச்சி, சாமந்தி இதழ்,
ஒருமுறை ஒரு குழந்தையின் தோடு.

சுரண்டியது சாக்கில் போகும்,
கிலோ நாற்பத்தைந்துக்கு.
உருகி, திரி கோத்து,
அடுத்த மாதம் வாசல் கடைக்கே வரும்.
யாருடைய கால்வலி
யாருடைய விசாவோடு கலந்ததோ.
மேலே இருப்பவருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியும் என்கிறார்
கோயில்பிள்ளை சூசைமாணிக்கம்.
எனக்கு எடை மட்டும் தெரியும்.

என் தொல்லை காற்று.
பள்ளத்திலிருந்து தேயிலையைத் தடவிக்கொண்டு ஏறி வரும்.
சூலூரில் வேன் பிடித்து
பர்லியார் வளைவில் வாந்தியெடுத்து
முழந்தாளில் படியேறி வந்தவர்கள் கொளுத்தியதை
அவர்கள் செருப்பு மாட்டுவதற்குள் ஊதிவிட்டுப் போகும்.
ஏழு மணிக்கு
அணைந்தது எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்.
பாதி எரிந்த நேர்ச்சை கணக்கில் சேருமா
என்று எந்தப் பிரசங்கத்திலும் யாரும் சொன்னதில்லை.

போன வாரம் ஒருத்தி திரும்பி ஓடி வந்தாள்.
காலில் செருப்பில்லை, கையில் வர்க்கிப் பொட்டலம்.
கீழே வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.
"மூணாவது வரிசைக்கா, ஓரத்துல, நீலக் கலரு.
முழுசா எரிஞ்சுதா?"

நீலம் என் பையில் இருந்தது,
ஒரு சாண் மிச்சத்தோடு.
கரண்ட் போனால் ஆகுமே என்று எடுத்து வைத்தது.

"எரிஞ்சுது" என்றேன்
சிலுவைக்கு முதுகு காட்டிக்கொண்டு.
அவள் என் பிசுபிசுத்த கையை இழுத்துக்
கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.
என்ன வேண்டினாள் என்று
நானும் கேட்கவில்லை.

அன்று இரவு பார்த்து
கரண்ட் போகவில்லை.
டம்ளரைக் கவிழ்த்து அதன்மேல் நிறுத்தினேன்.
ஜன்னலைச் சாத்தி
கதவடியில் சாக்கைத் திணித்தேன்.
ஃபிசிக்ஸ் நோட்டிலிருந்து தலை தூக்கினான் பெரியவன்:
"லைட்டுதான் எரியுதே, எதுக்கும்மா இது?"
"படிடா."

ஒரு சாண் மெழுகு லேசில் தீராது.
பதினொன்றுக்கு அவன் தூங்கிப்போனான்.
வேன் மேட்டுப்பாளையம் தாண்டியிருக்கும்.
சூலூரில் ஒவ்வொரு வீடாக இறக்கிவிட்டிருக்கும்.
அவள் கதவைத் திறந்து
அது என்னவோ அதற்குள் போயிருப்பாள்.
நான் கொட்டாவி விட்டுக்கொண்டு
காற்றுக்குக் காவல் இருந்தேன்.

திரி சாய்ந்தது. தன் குளத்திலேயே
ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. முடிந்தது.

டம்ளரில் ஒட்டியிருந்ததைச் சுரண்ட
தகட்டை எடுத்தேன், வைத்துவிட்டேன்.
காலையில் காப்பிக்கு
ஒரு டம்ளர் குறைந்தது.