பதினேழாம் தட்டு

டொலூக்காவில் ஜூலை முழுக்க மழை.
எரிமலையின் தலை தெரிந்து பத்து நாளாயிற்று.
கருகல் நோய்க்கு இதைவிட நல்ல காலம் இல்லை என்றாள் ஓதிலியா,
முகூர்த்தம் குறித்தவள் போல.

வேண்டுமென்றே நோயைத் தெளித்தோம்,
காட்டு உருளைக்கிழங்கின் நாற்றுகள் மேல்,
தட்டுத் தட்டாய்.
நான்காம் நாள் கழித்துக்கட்டும் வேலை எனக்கு.

வில்லா கெரேரோவின் பூக்கூடத்தில்
ஏழு வருஷம் கார்னேஷன் பார்த்தவன் நான்.
அங்கே ஒரே சட்டம்:
இலையில் புள்ளியா, செடி வெளியே.
ஆகவே பதினேழாம் தட்டில்
மிளகு சிதறியது போல் கறுத்திருந்த ஒன்பதைப் பிடுங்கிக்
குப்பைமேட்டில் போட்டேன்.
பச்சையாய், வழவழப்பாய் நின்றவற்றை விட்டுவைத்தேன்.
எனக்கு நானே ஒரு சபாஷ்.

ஆறாம் நாள் காலை
பச்சை எல்லாம் கொதிநீர் ஊற்றிய கீரை.
இலைக்கு அடியில் வெள்ளைப் பூசணம். நாற்றம்.

"புள்ளி விழுந்தவை எங்கே?"
அவ்வளவுதான் கேட்டாள் ஓதிலியா.

மழையில் இருவருமாய்க் கிளறினோம்:
முட்டையோடு, சோளமடல், காபிச் சக்கை.
ஆறு கிடைத்தன.

பிறகு ஒரு புள்ளியை லென்சுக்குக் கீழே வைத்தாள்.
கருகலுக்கு முதல் கவளம் உயிரோடு வேண்டும்.
அது விரலை நுழைத்த அறையில்
காவலிருந்த புரதங்கள் ஆறு
சக்கரமாய்க் கூடித்
தம் வீட்டுச் சுவரையே துளைத்துக்கொள்கின்றன.
கால்சியம் வெள்ளமாய் உள்ளே.
அறை சாகிறது.
ஒட்டியிருந்த அறையும். அதை ஒட்டியதும்.
அப்புறம்
நின்றுவிடுகிறது.
(எங்கே நிற்பது என்று எது சொல்கிறது? கேட்டேன்.
உதட்டைப் பிதுக்கினாள்.)

விருந்தாளிக்கு இலை போட்டாயிற்று.
பரிமாற ஒன்றுமில்லை.

செடிக்கு ரத்தம் கிடையாது,
ஓடிவரப் படை கிடையாது,
ஒவ்வொரு அறையும் தன் சாவைத் தானே வைத்திருக்கிறது,
சட்டைப்பையில் சில்லறை போல.
மேல் இலைகளுக்குச் சேதி மட்டும் ஏறுகிறது.

பதிவேட்டில் நான் 'தியாகம்' என்று எழுதப் போக,
அடித்துவிட்டு எழுதினாள்:
புள்ளி. ஒரு மில்லிமீட்டர்.

ஆறில் நான்கு வேர் பிடிக்கவில்லை.
மீதி இரண்டும் இப்போது முழங்கால் உயரம்,
அடியிலைகளில் அதே மிளகு,
உச்சியில் ஊதாப்பூ.

போன ஞாயிறு வீட்டுக்குப் போகும் வழியில்
பழைய பூக்கூடத்து வாசலில் ஒரு கூடை,
கழித்துப்போட்ட கார்னேஷன்.
பஸ்ஸை விட்டுவிட்டு
ஒவ்வோர் இலையாய்ப் புரட்டினேன், வெளிச்சத்தில் பிடித்து.

துரு.
நிஜமாகவே நோய்தான்.