ஏழாம் விதி

அதை எழுதியது நான்தான்.
ஒழுங்கையில் பாதிப் பேர்
மெல்பேர்னுக்கும் ஸ்காபரோவுக்கும் பெட்டி கட்டிய வருடம்.
ஞாயிறானால் படலைக்குப் படலை விற்பனை:
தொட்டில், பின்புறம் பல்லி முட்டை ஒட்டிய நிலைக்கண்ணாடி,
எரிவாயு வரிசைக் காலத்தில் வாங்கி
இரண்டே தரம் பற்றவைத்த மண்ணெண்ணெய் அடுப்பு.
வெள்ளவத்தைச் சந்தையே இடம்மாறி வந்ததுபோல்
ஓட்டோக்கள் மூக்கோடு மூக்கு.
ஒருநாள் அம்புலன்ஸ் ஒன்று திரும்ப வழியில்லாமல்
பின்பக்கமாகவே ஊர்ந்து காலி வீதிக்குப் போனது.

அன்றிரவே கூட்டம். மாரி பிஸ்கட்.
"ஆராவது எழுதுங்கோவன்" என்றார்கள்.
சங்கத்துக்கு நான் செயலாளர்;
காப்புறுதிக் கந்தோரில் இருபது வருடம்
நிபந்தனை எழுதிப் பழகிய கை.
கானைத் தாண்டி மேசைக்கால் வரக்கூடாது.
மின்கம்பத்தில் அறிவித்தல் கூடாது. போயாவில் அறவே கூடாது.
வருடத்தில் இரண்டு தரம்; மூன்றாவது என்றால் அது கடை.
சிங்களத்தில் பெயர்த்த விஜேகோன்
ஒவ்வொன்றிலும் ஒரு 'தயவுசெய்து' சேர்த்துவிட்டார்.
தமிழில் அது இல்லை.

ஏழு: எஞ்சிய பொருள் மாலை ஆறுக்குள்
விற்றவர் வீட்டுக்குள் திரும்பியிருக்க வேண்டும்.
மழை என்றாலும்.
கடைசி இரண்டு சொல்
யாரும் கேட்காமல் நான் போட்டது.

போன நவம்பரில் ஹம்தூன் நானா
மேல்மாடிப் பல்கனியிலிருந்து
கயிற்றில் இறக்கினார் அலுமாரியை.
குடும்பத்தோடு கட்டாருக்குப் போகிற திட்டம்.
லொறி தெஹிவளைப் பாலத்தில் நிற்பதாக
வாங்கினவன் தொலைபேசியில் சொன்னான்.
ஐந்தரைக்கும் அங்கேதான் நின்றது.
"அரை மணித்தியாலம் தாங்க மிஸ்."
நான் மணிக்கூட்டைத் திருப்பிக் காட்டினேன்.
இறங்கியது படியால் ஏறவில்லை.
வளைவில் இடித்தது, சரித்தாலும் இடித்தது.
மழையில், ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்க,
வாள் கொண்டுவந்து அறுத்தார்.
மரத்தூள் கானோடு ஓடி
ரயில் பாதைக்குக் கீழால் கடலுக்குப் போனது.
விதி மீறப்படவில்லை.
அறிக்கையில் அப்படித்தான் எழுதினேன்.

கட்டார் சரிவரவில்லை.
என் குசினிக்கு நேரே இப்போது
அவருடைய சேர்ட்டுகள் ஜன்னல் கம்பியில் தொங்குகின்றன,
கடல்காற்றில் கை வீசிக்கொண்டு.

இந்த ஞாயிறு என் முறை.
விண்ணப்பத்தில் காரணம்: வெளிநாடு, வீடு மாற்றம், வேறு.
'வேறு' என்பதில் புள்ளடி இட்டேன்.
கடனுக்காக அரை வீட்டை வாடகைக்கு விடுகிறேன் என்று எழுத
பக்கத்துக் கோடு போதாது.
அதன் நீளத்தை வைத்ததும் நானே.

பழைய நத்தார் அட்டைகளை வெட்டி விலைச் சீட்டு.
விஜேகோன் எட்டு ஐம்பதுக்கே வந்து
ஒன்பது அடிக்கும்வரை படலைக்கு வெளியே நின்றார்,
எதையும் தொடாமல்.
மீன்தொட்டி போனது.
விசில் இல்லாத குக்கரும் போனது;
பாமன்கடையிலிருந்து வந்த பெண்
விசில் மட்டும் தன்னிடம் இருக்கிறது என்றாள்.
அலுமாரி நின்றது.
எல்லாரும் கதவைத் திறந்து பார்த்தார்கள்,
உள்ளே மணந்துவிட்டு மூடினார்கள்.

ஐந்தே முக்காலுக்கு ஹம்தூன் நானா, கையில் அளவு நாடா.
நான் உடனே மேசைக்காலைப் பார்த்தேன்.
கானுக்கு மேலே ஒரு சாண்.
அவர் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.
அலுமாரியை அளந்தார், உயரம், அகலம், ஆழம்,
ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் எழுதினார்.
"சும்மா எடுங்கோ" என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.
"படியால ஏறாது மிஸ். இதுவும்."

கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.
"பத்து நிமிஷம் ஈக்கி" என்று ஒரு முனையைப் பிடித்தார்.
மற்ற முனையை நான்.
உள்ளே, தடுப்புச் சுவருக்கென்று
மேசன் போட்ட வெண்கட்டிக் கோடு
கூடத்தை இரண்டாக்கிக் கிடந்தது.
"எந்தப் பக்கம் வெக்கிற?"
கை வலித்தது. யோசிக்கவில்லை.
கோட்டின் மேலேயே வைத்தோம்.